தேங்காய் நாரும் கடல் மணலும் போட்டுத் தேய்த்த பந்து

போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டே நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. ராமநாதபுரத்தில் புறவழிச்சாலை ஓரமாக இருக்கிற ஒரு விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. பந்தை உருட்டி, எதிரே நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற பவுலிங் விளையாட்டு தெரியும்தானே? சினிமாவில் பணக்காரர்கள் விளையாடிப் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் நான் விளையாடினேன். சிரிக்காதீர்கள், முழுதாகக் கேளுங்கள்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. நண்டு கம்பெனியில் வேலை. வேகவைத்து வரும் நண்டை உடைத்து, ஓட்டுத் துண்டு ஒன்றுகூடக் கலக்காமல் சதையை எடுத்துக் கொடுக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். என்ன சோப்புப் போட்டாலும் கையில் நண்டு வாசம் போகாது. இப்படிப்பட்டவளுக்குப் பவுலிங் எங்கிருந்து வந்தது என்றால், என் வீட்டுக்காரரால் வந்தது.

அவர் பதினோரு வருடம் வளைகுடாவில் இருந்தார். அங்கே ஒரு பெரிய பவுலிங் கூடத்தில் மெக்கானிக். விழுந்த கட்டைகளை எடுத்துத் திரும்ப நிறுத்தி வைக்கிற இயந்திரம் ஒன்று பின்னால் இருக்கும். அதைப் பழுது பார்க்கிற வேலை. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு தனியாக நின்று உருட்டிப் பழகி, நல்ல ஆட்டக்காரராகவே ஆகிவிட்டார். ஆனால் பழுது பார்க்க வந்தவனைப் போட்டியில் யார் சேர்ப்பார்கள்? ஒரு போட்டியில்கூட அவர் ஆடியதில்லை. கடைசியில் ஒருநாள் இயந்திரத்தின் பாகம் ஒன்றைத் தூக்கும்போது தோள்பட்டை போய்விட்டது. தோளுக்குள் கம்பியும், கையில் ஒரு பந்துமாக ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் பந்து அவர் சொந்தமாக வாங்கியது. ஆழக்கடல் மாதிரிக் கருநீலம். கண்ணாடி போல் பளபளக்கும், முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பீரோவுக்கு மேலே தனிப் பையில் இருக்கும். யாரும் தொடக்கூடாது.

ராமநாதபுரத்தில் இந்தக் கூடம் திறந்தபோது இவரைக் கூப்பிட்டு மெக்கானிக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். நான்கே லேன். பந்து உருளுகிற நீளமான பாதையைத்தான் லேன் என்பார்கள். ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுபோனபோது, சும்மா ஒன்று உருட்டிப் பார் என்றார். உருட்டினேன். நண்டுத் தட்டு தூக்கித் தூக்கி உரமேறிய கை. எட்டுக் கட்டை சாய்ந்தது. அவர் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. அன்றிலிருந்து ஒன்றரை வருடம், லீவு நாளெல்லாம் என்னை விடவில்லை. பொங்கல் முடிந்து ஒருநாள், தன் விரல் அளவுக்கு இருந்த துளைகளை அடைத்து என் விரல் அளவுக்குப் புதிதாகத் துளை போட்டுத் தரச் சொல்லி, அந்த நீலப் பந்தைச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். இனி அந்தப் பந்து அவர் கைக்குப் பொருந்தாது.  

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. சென்னையில் நடக்கிற மாநில அளவிலான பெண்கள் போட்டிக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு ஆளை அனுப்பலாம். அந்த ஒரு ஆள் யார் என்று தேர்ந்தெடுக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டி. அவருக்குக் கிடைக்காத அந்த மேடையில் நானாவது நிற்க வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்பது, அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். எனக்கும் வெறி வந்துவிட்டது. ஊரில் கேலிக்குப் பஞ்சமில்லை. தேங்காய் உருட்டப் போறியா, பூசணிக்காய் உருட்டப் போறியா என்று கேட்காத ஆளில்லை. ஜெயித்துவிட்டு வந்து பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல்தான் நான் செய்த கூத்து.

முதல்நாள் சனிக்கிழமை. எனக்கு அரைநாள் வேலை. தடைக்காலம் முடியப்போகிறதென்றால் எங்கள் கரையில் ஒரே பெயிண்ட் வாசம். அறுபது நாளாகச் சும்மா நின்ற படகைச் சுரண்டி, தேய்த்து, கழுவி, சாயம் பூசி, சர்ச் சாமியாரைக் கூப்பிட்டு ஜெபம் சொல்லி மந்திரித்த பிறகுதான் கடலில் இறக்குவார்கள். அழுக்கோடு ஒரு படகும் முதல் நாள் தொழிலுக்குப் போகாது. என் அய்யா வீட்டிலும் அப்படித்தான், என் தம்பி வீட்டிலும் அப்படித்தான். அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவளுக்குப் பீரோவின் மேலே இருந்த பை கண்ணில் பட்டது. நாளைக்குத் தொழிலுக்கு இறங்கப்போகிற பந்து. அதைக் கழுவாமல் கொண்டுபோவதா?

எடுத்துப் பார்த்தேன். லேனில் பூசுகிற எண்ணெய் அதில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. இங்கும் அங்கும் கறுப்புக் கோடு வேறு. சோப்புத் தூள் போட்டுக் கழுவினேன், கோடு போகவில்லை. மீன் சட்டியில் பிசுக்குப் போகாவிட்டால் என்ன செய்வோம்? தேங்காய் நாரை எடுத்து, கடல் மணலைத் தொட்டு, அழுத்தித் தேய்ப்போம். அதையேதான் செய்தேன். மேல் பக்கம், கீழ்ப் பக்கம், துளையைச் சுற்றி என்று ஒரு இடம் விடவில்லை. அரைமணி நேரம். பாட்டு வேறு பாடிக்கொண்டு.

தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பார்த்தால் எனக்கு உயிரே போய்விட்டது. பளபளப்பு மொத்தமும் காணோம். கருநீலப் பந்து, சாம்பல் பூத்த பூசணிக்காய் போல் வெளுத்துக் கிடந்தது.  துணியால் துடைத்தேன், வரவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். மினுமினுவென்று வந்தது, ஐந்து நிமிடத்தில் அசிங்கமாகத் திட்டுத் திட்டாகிவிட்டது. திரும்பவும் சோப்புப் போட்டு அந்த எண்ணெயைப் போக்கினேன். பூசணிக்காய் பூசணிக்காயாகவே இருந்தது.

அவர் வந்தார். பந்தைப் பார்த்தார். வாங்கி, பெருவிரலால் மெதுவாகத் தடவினார்.

"இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாம வச்சிருந்தேன் புள்ள" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் திட்டே இல்லை. எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேலே வருமே. தப்பு என்மேல் என்று தெரிந்தால் இரண்டு மடங்காக வரும். ஒரு பந்துக்கா இப்படி எழவு வீடு மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது, சுத்தம் செய்ததும் ஒரு குற்றமா என்று நான்தான் கத்தினேன். அவர் பந்தைப் பையில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சோறும் சாப்பிடவில்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து, அவர் பார்க்காதபடி அழுதேன்.

காலையில் முதல் பூசைக்குப் போனோம். பையைக் காலடியில் வைத்துக்கொண்டு முழங்கால் போட்டு, மாதாவே, எப்படியாவது இதைப் பழையபடி ஆக்கிக் கொடு என்றுதான் வேண்டினேன். அங்கிருந்து பஸ். எங்கள் இருவருக்கும் நடுவில் பந்துப் பை. பாம்பன் பாலம் வந்தது, மண்டபம் வந்தது, உச்சிப்புளி வந்தது, பேச்சு வரவில்லை. கூடத்து வாசலில் மட்டும் வாயைத் திறந்தார். அவர் அங்கே வேலை செய்கிறவர், நான் போட்டியில் ஆடுகிறவள். அதனால் அன்றைக்கு அவர் லேன் பக்கமே வரக்கூடாதாம், எனக்கு யோசனையும் சொல்லக்கூடாதாம். லேனுக்கு எண்ணெய் பூசுகிற வேலையைக்கூடச் சென்னையிலிருந்து வந்தவர்களே தங்கள் அளவுப்படி செய்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நல்லா ஆடு என்றுகூடச் சொல்லவில்லை.

இந்த எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பவுலிங் லேன் பார்க்கக் காய்ந்த மரத்தரை மாதிரி இருக்கும். ஆனால் முக்கால்வாசித் தூரத்துக்கு மெல்லிசாக எண்ணெய் பூசியிருப்பார்கள். கடைசிப் பகுதிதான் காய்ந்த தரை. பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய், காய்ந்த இடம் வந்ததும் தரையைப் பிடித்து வளைந்து, முதல் கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் புகுந்தால் பத்தும் சாயும். எண்ணெய் எவ்வளவு, எங்கே என்று பார்த்துத்தான் பந்தை எடுக்க வேண்டும். பந்தைப் பார்க்காதே, தரையைப் பார் என்று அவர் எனக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். நானும் தலையாட்டியிருக்கிறேன். என்னிடம் இருந்ததே ஒரு பந்து, அதில் எடுக்கிறதென்ன, வைக்கிறதென்ன?

போட்டிக்கு வந்தது ஆறு பெண்கள். பரமக்குடியிலிருந்து வந்தவர் ஒரு வங்கி அதிகாரி. சக்கரம் வைத்த பெட்டியில் மூன்று பந்து. இந்தப் போட்டிக்கென்றே மூன்றுக்கும் மதுரையில் பாலீஷ் போட்டு வாங்கி வந்திருந்தார். சிவப்பு, பச்சை, ஊதா என்று கல்யாண வீட்டுச் சீரியல் விளக்கு மாதிரி மின்னியது. பக்கத்தில் என் பூசணிக்காயை வைக்கவே கூசியது.

போட்டிக்கு முன்னால் நடுவர் ஒவ்வொரு பந்தாக எடுத்துப் பார்த்தார். என்னுடையதைத் தடவியதும் அவர் கை நின்றுவிட்டது.

"இதுக்கு எத்தனாம் நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேச்சீங்கம்மா?"

"உப்புத்தாள் இல்ல சார். தேங்காய் நாரும் கடல் மணலும்."

அவர் என்னை ஒருதரம், பந்தை ஒருதரம் பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரிப்பது கேட்டது. இந்தப் பந்து ஆகாது என்று அவரே ஒதுக்கிவிட மாட்டாரா என்றுகூட எனக்குத் தோன்றியது, பழி அவர்மேல் போய்விடும் பாருங்கள். ஆனால் அவர், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் தேய்த்தால் தப்பில்லை, தொடங்கிய பிறகு காய்ந்த துண்டால் துடைக்கலாமே தவிர வேறு எதுவும் செய்யக்கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காலையில் எல்லாருக்கும் மூன்று ஆட்டம். அதில் அதிகப் புள்ளி எடுத்த இருவருக்கு மத்தியானம் இறுதி ஆட்டம். எனக்கு முன்னால் நான்கு பேர் உருட்டினார்கள். நான்கு பந்தும் வளையவே இல்லை. மழையில் நனைந்த சிமெண்டுத் தரையில் சோப்பு போவது போல் வழுக்கிக்கொண்டு நேரே வலது ஓரத்துக்குப் போய்விட்டன. சென்னைக்காரர்கள் எண்ணெயைக் கொட்டிக் கவிழ்த்திருக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பரமக்குடிக்காரர் மூன்று பந்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூன்றும் பாலீஷ். மூன்றும் வழுக்கியது.

என் முறை வந்தது.  மாதாவை நினைத்துக்கொண்டு உருட்டினேன். பந்து போனது, போய்க்கொண்டே இருந்தது. இதுவும் வலது ஓரம்தான் என்று நான் கண்ணை மூடப்போன நேரத்தில், யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி இடது பக்கம் வளைந்து, சரியான சந்தில் புகுந்தது. பத்தும் சாய்ந்தது.

அடுத்ததும் பத்து. அதற்கடுத்ததும்.

எண்ணெய் அதிகமாக இருக்கிற தரையில் சொரசொரப்பான பந்துதான் பிடிக்கும். தெரிந்த ஆட்டக்காரர்கள் உப்புத்தாள் வைத்து நாள் கணக்கில் பக்குவம் பார்த்துச் செய்கிற வேலையை, மீன் சட்டி தேய்க்கிற கை அரைமணி நேரத்தில் செய்து வைத்திருக்கிறது! இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என் பூசணிக்காய்க்கு மாதா உயிர் கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பதினோரு மணிக்கு எங்கள் கம்பெனிப் பெண்கள் பத்துப் பேர் ஒரு வேனைப் பிடித்து வந்து இறங்கினார்கள். திருவிழாச் சப்பரத்துக்குக் கைதட்டுவது போல் ஒவ்வொரு தடவையும் தட்டினார்கள். மூன்று ஆட்டம் முடிந்தபோது நான் முதலாவது. இரண்டாவதாக வந்த பரமக்குடிக்காரருக்கும் எனக்கும் அறுபது புள்ளி வித்தியாசம்.

மாடியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குத் தலை கால் புரியவில்லை. மத்தியானம் கம்பெனிப் பெண்கள் கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைத் தின்றுகொண்டே ஒரே பெருமை. பந்து தேய்க்கிறதென்றால் லேசா, அதற்குக் கைப்பக்குவம் வேண்டும் என்று வாய் கூசாமல் அளந்தேன். நேற்று ராத்திரி அழுதது யாரோ. பரமக்குடிக்காரர் என் பக்கத்தில் வந்து, நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையோடு, எந்த மணல், எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம். வேண்டுமானால் ஒரு சாக்கு மணல் அனுப்பி வைக்கிறேன், பாங்கில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் கூட்டம் சிரித்தது. அவர் முகம் சுருங்கிப்போனது. தன் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இறுதி ஆட்டம். காலையில் ஆடிய அதே லேன். நடுவில் மறுபடி எண்ணெய் பூச மாட்டார்கள் என்று விதி. கேட்டேன், தலையாட்டினேன், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

முதல் பந்து பாதித் தூரத்திலேயே வளைய ஆரம்பித்துவிட்டது. கட்டைகள் பக்கம் போய்ச் சேருவதற்குள் இடது ஓரத்தில் நின்ற மூன்றை மட்டும் தட்டிவிட்டுப் போனது. இரண்டாவது தடவை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டை பல் விழுந்த கிழவி மாதிரி நின்றது. மூன்றாவது தடவை முதல் கட்டையைத் தொடவே இல்லை. பரமக்குடிக்காரரின் பச்சைப் பந்து இப்போது அழகாக வளைந்து புகுந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பது புள்ளி பின்னால் போய்விட்டேன்.

பெருவிரல் வீங்கிவிட்டது என்று நினைத்தேன். தரையில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கண்ணு பட்டுட்டு என்று கம்பெனிப் பெண் ஒருத்தி சொன்னதை நம்பினேன். பந்தின்மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. காலையில் என்னைத் தூக்கிவைத்த பந்தை எப்படிச் சந்தேகப்படுவது? இன்னும் வேகமாக உருட்டினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்துகொண்டு, பந்தைத் துடைக்கத் துண்டை எடுத்தேன்.

துடைத்தேன். துண்டைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

காலையில் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் துண்டு எண்ணெயில் ஊறி, கை வழுக்கும். இப்போது துண்டில் ஒன்றுமே ஒட்டவில்லை. கொஞ்சம் தூசிதான் இருந்தது.

எனக்கு நண்டு கம்பெனி ஞாபகம் வந்தது. காலையில் முதல் தட்டு நண்டு வரும்போது கொழுப்பும் தண்ணீருமாக வழுக்கும். அதனால் ரப்பர் கையுறைக்கு மேலே நூல் கையுறை போட்டுக்கொள்வோம், அதன் சொரசொரப்புதான் நண்டைப் பிடிக்கும். மத்தியானத்துக்கு மேல் வருகிற நண்டு காய்ந்திருக்கும். அப்போதும் அதே நூல் கையுறையைப் போட்டிருந்தால் முள்ளிலெல்லாம் நூல் மாட்டி இழுக்கும், சதை பிய்ந்துபோகும். அதனால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வழுவழுப்பான ரப்பர் கையுறையோடு உடைப்போம். எட்டு வருடமாக யோசிக்காமலே தினமும் செய்கிற வேலை. இங்கே வந்து காய்ந்த நண்டுக்கு நூல் கையுறை போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

காலையிலிருந்து இத்தனை பந்து உருண்டு உருண்டு, தரையிலிருந்த எண்ணெயையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டிருந்தது. ஐம்பது தடவை காதில் விழுந்தது அப்போதுதான் மண்டையில் ஏறியது. மாடியைப் பார்த்தேன். அவர் கண் என்மேல் பட்டால்கூட அது சாடை காட்டுவதாகிவிடும் என்று பயந்தோ என்னவோ, முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

பூசணிக்காயைக் கீழே வைத்தேன். சுவரோரம் கூடத்தின் வாடகைப் பந்துகள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றை எடுக்கலாமா என்று கேட்டேன், நடுவர் தலையாட்டினார். பிறந்தநாள் கொண்டாட வருகிற பிள்ளைகள் உருட்டுகிற சாதாரணப் பிளாஸ்டிக் பந்து. வழுவழுவென்று இருக்கும், எந்தத் தரையையும் பிடிக்காது. ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்று இறுகியது, ஒன்று லொடலொடத்தது. மூன்றாவதாக ஒரு மஞ்சள் பந்து பொருந்தியது. அதன்மேல் யாரோ ஒரு பிள்ளை தக்காளி சாஸ் கையால் தொட்டிருந்தது. துண்டால் துடைத்தேன்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கம்பெனிப் பெண்களுக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை. மத்தியானம் நான் மட்டம் தட்டிய அந்தப் பரமக்குடிக்காரர்தான் அருகில் வந்தார்.

"அக்கா, அது வளையாது. நேராத்தான் போகும். அவசரப்பட்டு மாத்திடாதீங்க" என்றார்.

எதிராளி தோற்கக்கூடாதே என்று கவலைப்படுகிற மனுஷியை நான் அன்றுதான் பார்த்தேன். "நேராப் போனாப் போதும்மா" என்றேன். 

நின்ற இடத்தை மாற்றி, நேரே சந்தைக் குறி வைத்து உருட்டினேன். வளைவு கிளைவு ஒன்றுமில்லை. ரயில் தண்டவாளத்தில் போவது போல் போனது. ஒன்பது சாய்ந்தது. மீதி ஒன்றையும் அடுத்த உருட்டலில் எடுத்தேன். அதற்கடுத்ததில் பத்தும் ஒரே அடியில். பெண்கள் திரும்பவும் கைதட்டத் தொடங்கினார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. உருட்டுவது, பந்து திரும்பி வந்ததும் துடைப்பது, துண்டைப் பார்ப்பது, உருட்டுவது. நாற்பது புள்ளி முப்பதானது, இருபதானது, பத்தானது. தரை இன்னும் காய்ந்துகொண்டே போனது. பரமக்குடிக்காரரின் பச்சைப் பந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் வளைந்து ஒன்றிரண்டு கட்டைகளை விட ஆரம்பித்தது. ஆனாலும் அவர் சளைக்கவில்லை. அவருடைய ஆட்டத்தை முதலில் முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

எனக்குக் கடைசியான பத்தாவது கட்டம். கணக்கு இதுதான்: இரண்டு உருட்டலுக்குள் பத்துக் கட்டையையும் சாய்த்தால் இன்னொரு உருட்டல் கிடைக்கும். அதில் ஐந்து விழுந்தால் நான் ஜெயித்தேன். பத்தும் சாயாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல் உருட்டலில் ஒன்பது விழுந்தது. வலது கோடியில் ஒற்றைக் கட்டை ஆடியது, ஆடியது, விழாமல் நின்றுவிட்டது.

வலது கோடிக் கட்டை எனக்கு ஜென்மப் பகை. நீலப் பந்து கடைசியில் இடது பக்கம் வளைந்துவிடும் என்பதால், அந்தக் கட்டையை நான் பத்துக்கு ஏழு தடவை விட்டிருக்கிறேன்.  மஞ்சள் பந்து திரும்பி வருகிற வரைக்கும் நின்றேன். பழக்கத்தில் துடைத்தேன். துண்டு காய்ந்துதான் இருந்தது. இது வளையாது, நேராத்தான் போகும் என்று அந்த அம்மா சொன்னது காதில் கேட்டது. இதைவிட நல்ல செய்தி அந்த நிமிடத்தில் எனக்கு வேறென்ன வேண்டும்? இடது ஓரத்தில் நின்று, குறுக்காக, அந்த ஒற்றைக் கட்டையை மட்டும் பார்த்து உருட்டினேன்.

நேரே போனது. ஓரச் சாக்கடைக்கு ஒரு விரற்கடை தூரத்தில், விழுந்துவிடுமோ விழுந்துவிடுமோ என்று எல்லார் மூச்சையும் பிடித்து வைத்துக்கொண்டு போய், கட்டையைத் தூக்கி எறிந்தது.

கூடுதல் உருட்டலில் ஏழு விழுந்தது. மூன்று புள்ளியில் ஜெயித்தேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் மேலே விழுந்தால் எப்படியிருக்கும்? குலவை போட்டார்கள். ஒருத்தி மஞ்சள் பந்துக்கு முத்தம் கொடுத்தாள். நடுவரே சிரித்துவிட்டார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முதலில் பரமக்குடிக்காரரின் கையைப் பிடித்தேன். மத்தியானம் பேசியது தப்பு, மன்னிச்சிருங்க என்றேன். அவர் என் கையை விடாமல், மணல் மட்டும் மறக்காமல் அனுப்பி வைக்கச் சொன்னார். நிஜமாகவே அடுத்த வாரம், நல்ல சலித்த மணலாக ஒரு பொட்டலமும், ஒரு கட்டுத் தேங்காய் நாரும் பரமக்குடி பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். இன்றுவரை நாங்கள் போனில் பேசிக்கொள்கிறோம்.

என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னிடம் வரவில்லை. கீழே கிடந்த பூசணிக்காயிடம் போனார். குனிந்து, நல்லாயிருக்கிற கையால் எடுத்து, நேற்று மாதிரியே பெருவிரலால் தடவினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"இதுக்கு இனிமே பாலீஷ் போட வேணாம் புள்ள. இப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு மஞ்சள் பந்தைக் காட்டி, "சென்னைக்கு ரெண்டையும் கொண்டுட்டுப் போவோம். முதலாளிகிட்ட நான் கேக்குறேன்" என்றார்.

போகும்போது பாம்பன் பாலம் பேசாமல் தாண்டிய எங்களுக்கு, வரும்போது பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. இறுதி ஆட்டத்தில் எந்த உருட்டல் எப்படிப் போனது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். சுவரைப் பார்த்து நின்றவருக்கு ஒன்றும் தெரியாதே. கடைசிக் கட்டையை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னார். தேய்த்த பந்துக்காக முதல்நாள் கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், பசிக்கிறது, நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்றார்.

சென்னையில் நான் பதினோராவதாக வந்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பேர் கூப்பிட்டபோது, மாவட்டத்தின் பேரையும் சேர்த்துச் சொன்னார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அவர், பயிற்சியாளர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சட்டையை நீவி விட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அது போதும்.

எல்லாரும் அந்த நீலப் பந்தின் கதையைத்தான் கேட்கிறார்கள், தேங்காய் நாரின் அதிர்ஷ்டத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் காலையில் ஜெயித்த கைதான் சாயங்காலமும் ஜெயிக்கும் என்று எப்போதாவது மிதப்பு வந்தால், என் கை தானாகவே அந்தக் காய்ந்த துண்டைத் தேடுகிறது.